பீரோவில் பூட்டிய இரண்டாவது தாள்

மூளைக் கட்டிக்கு ஆபரேஷன் செய்து ஆறு மாதம் கழித்து, தேர்வாய் கண்டிகையில் இருக்கும் என் கம்பெனிக்கே வேலைக்குத் திரும்பினேன். டாக்டர் இரண்டு தாள் கொடுத்திருந்தார். ஒன்றில் வேலைக்குப் போகலாம் என்று இருந்தது. இன்னொன்றில், கை மரத்துப்போகும், வலிப்பு வரலாம், மெஷின் ஓட்டக் கூடாது என்று எழுதியிருந்தார். அதைக் காட்டினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

“முடிதான் வளந்துடுச்சே, இன்னும் இன்னா சீக்கு?” என்று சூப்பர்வைசர் என்னை, தகடு வெட்டும் பழைய பிரஸ் மெஷினிலேயே நிறுத்தினார். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். வேலை வேகமாக ஓட, எல்லோரையும்போல நானும் இடது பட்டன் அழுந்தியே இருக்கும்படி குச்சியைச் செருகிவிட்டேன்; வலது கை மட்டும் போதும். மூன்றாம் நாள் இடது கை மரத்துப்போய் பிரஸ்ஸுக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது. அது தெரியாமல் வலது பட்டனை அழுத்தப் போனேன்.

“அண்ணா, கை உள்ள கீது, எடுணா!” பக்கத்து மெஷின் தாஸ் கத்திக்கொண்டே என்னைப் பின்னால் இழுத்தான்.

மறுநாளே அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேலை போகவில்லை. பேக்கிங்கில் போட்டார்கள். இருபது வருட ஆபரேட்டர் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் டாக்டர் தரும் எந்தத் தாளையும் இப்போது நான் மறைப்பதில்லை. ஸ்டிக்கர் ஒட்டப் பத்து விரலும் இருக்கிறதே.

– ஒரு வாசகர், ஊத்துக்கோட்டை