உள்கதவுக்கு வந்த வயர்

எங்கள் வீட்டில் ஒவ்வொரு கதவுக்கு மேலேயும் ஒரு வெள்ளை வயர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வீடு கட்டும்போதே மச்சான், அதாவது என் வீட்டுக்காரர், துபாயிலிருந்து போன் போட்டு இன்ஜினீயரிடம் சொல்லி இழுக்க வைத்தது. "பின்னால அலாரம் வைக்கும்போது செவத்த உடைக்க வேணாம்ல" என்றார். அந்தப் 'பின்னால' வருவதற்குள் ஹால் வயரில் நான் காலண்டரை மாட்டிவிட்டேன்.

அடுத்த தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டை யாரோ உடைத்துவிட்டார்கள். மச்சானுக்குத் துபாயில் தூக்கம் போயிற்று. மகன் சென்னையில் படிக்கிறான்; வீட்டில் நான் ஒருத்திதான். "நல்ல ஸ்மார்ட் அலாரமாப் பாரு. எதுன்னு நீயே முடிவு பண்ணு" என்றார். என்னை முடிவு பண்ணச் சொன்னதும் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. சோபாவுக்கு என்ன நிறம் என்றுகூட அவர் என்னைக் கேட்டதில்லை.

எங்கள் கடலோர ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். என் தகப்பனார், அத்தா, ஒரே மனையைப் பிரித்து என் அக்காவுக்கும் எனக்கும் கொடுத்தார். அக்காவை நாங்கள் லாத்தா என்போம். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் ஓர் உள்கதவு உண்டு. துப்பட்டி போர்த்திக்கொண்டு தெருவில் இறங்க வேண்டியதில்லை. புளி, ஆணம் என்று நாங்கள் சொல்லும் மீன் குழம்பு, அழுகை, கோபம் எல்லாம் அந்த வழியாகவே போய்வரும். பகலில் அதைத் தாழ் போட்டால் அக்கா தங்கைக்குள் சண்டை என்று பொருள்.

முதலில் வந்தவர் மதுரைக்காரர். கழுத்தில் டை, கையில் டேப்லெட். உட்கார்ந்ததும் கேட்டார்: "நைட்ல வீட்ல யாரு இருப்பாங்க மேடம்? சார் எப்ப லீவுக்கு வருவாரு?"

கன்னம் வைக்கிற கள்ளன் கேட்கும் கேள்வியெல்லாம் இவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறாரே என்று இருந்தது. வாசலில் மச்சானின் பழைய செருப்பு எப்போதும் கிடக்கும். ஆம்பளை வீட்டில் இருக்கிறார் என்று ஊருக்குச் சொல்வதற்காக. அந்தத் தைரியத்தில், "சார் மாடியில தூங்குறாக" என்றேன்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. வீடியோவில் மச்சான். "ஏ புள்ள, அலாரக்காரன் வந்துட்டானா?"

டைக்காரர் போனைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "செருப்பு ஐடியா நல்லாருக்கு மேடம். ஆனா அது போன்ல மெசேஜ் அனுப்பாதுல்ல" என்றார்.

பழைய வயரெல்லாம் வீண், வயரில்லாததுதான் இப்போது நல்லது என்று சொல்லி, சோதித்துப் பார்க்க கதவுக்கொரு வெள்ளை சென்சார் கட்டியை ஒட்டினார். உள்கதவிலும் ஒட்டினார். செயலியில் பேர் போடும்போது, "ஓனர் சார்தான?" என்று கேட்டார்.

"பத்திரம் என் பேர்லல்ல இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டே மச்சான் பேரைத் தட்டினார். என் வீட்டில் நான் 'மெம்பர்' ஆனேன்.

மறுநாள் காலை லாத்தா நண்டு ஆணத்தோடு உள்கதவைத் தள்ளினாள். வீடே அலறியது. கிண்ணம் நழுவி, நண்டு ஹாலெங்கும் சிதறியது. "ஏடி, என்னடி இது, பொணத்த எழுப்புற சத்தம்!" என்று லாத்தா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் சைரனை அணைப்பதற்குள் மச்சான் அழைத்துவிட்டார். "யாரு வந்தா?"

சைரன் பகலில் கத்தாதபடி மாற்றிக்கொண்டோம். ஆனால் ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் துபாயில் போன் சிணுங்குவது நிற்கவில்லை. சாயங்காலம் மச்சான் சாதாரணமாகத்தான் பேசுவார். நடுவில் ஒரு கேள்வி வரும். "இன்னைக்கு லாத்தா வீட்டுக்கு அடிக்கடி போன போல?" "மதியம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் அந்தக் கதவு ரொம்ப நேரம் தொறந்தே கெடந்துச்சே?" கோபம் எதுவும் இல்லை. இருந்தாலும் எனக்கு உள்ளே முள் குத்தியது. இது கள்ளனுக்கு வைத்ததா, எனக்கு வைத்ததா?

மீன் விற்க வரும் மீன்காரம்மாவிடம் சொன்னேன். "கதவுக்கு வாய் வச்சிட்டீக. இனி அது ஓங்கள விட அதிகமாப் பேசும்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இரண்டொரு நாளில் வாசல் மணி அடித்தது. திறந்தால், துப்பட்டி போர்த்தி லாத்தா நிற்கிறாள். கையில் கொஞ்சம் கறிவேப்பிலை. வீடு கட்டியதிலிருந்து என் வீட்டு மணியை அவள் அடித்ததே இல்லை.

"ஏன் லாத்தா, இங்கன சுத்தி வார?"

"ஒங்க வீட்டுக் கதவத் தொறந்தா ஒம் மச்சானுக்குல்ல தெரியுதாம். நான் போறது வாரதெல்லாம் துபாய்க்கு எதுக்குடி?" சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் உட்காரவில்லை. கறிவேப்பிலையைக் கொடுத்துவிட்டு, வந்த வழியே தெருவில் இறங்கிப் போனாள். விருந்தாளி போவது போல.

அன்றே டைக்காரருக்குப் போன் போட்டு, எல்லாக் கட்டியையும் கழற்றிக்கொண்டு போகச் சொன்னேன். ராமநாதபுரத்திலிருந்து வேறொருவரை வரவழைத்தேன். அவர் பழைய வயர்களில் மீட்டர் வைத்துப் பார்த்து, எல்லாம் உயிரோடு இருக்கின்றன என்றார். சுவரில் ஒரு பெட்டி, நம்பர் பலகை, ஒரு சைரன். அது ஊளையிட்டால் மட்டும் எங்கள் இருவர் போனுக்கும் தகவல் வரும்; மற்றபடி யார் எந்தக் கதவைத் திறந்தார்கள் என்று அது வாய் திறக்காது. இதுதான் எனக்கு வேண்டியது என்றேன். அவர் மீதும் சந்தேகம்தான். ரகசிய எண் போடும்போது அவரைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னேன். நின்றார், பாவம்.

உள்கதவு வயரை மட்டும் டேப் சுற்றி, மேலே மூடி போட்டு அடைக்கச் சொன்னேன்.

"வலையில ஒரு கண்ண அறுத்து விட்ட மாதிரிம்மா" என்றார்.

"ராத்திரி ரெண்டு பக்கமும் தாழ் போடுவோம். எங்க அம்மா காலத்துப் பழக்கம்."

மச்சானிடம் நானே சொன்னேன். "ஒன்னைய நான் வேவு பாக்கல புள்ள. ரூம்ல தனியா கெடக்கேன். கதவு தொறந்துச்சுன்னு வந்தா, வீட்டுக்குள்ள நானும் நிக்கிற மாதிரி இருந்துச்சு" என்றார்.

நம்பினேனா? பாதி நம்பினேன். அந்தப் பாதிக்காக, அன்றிலிருந்து நானே அவருக்கு வீடியோ போட்டு வீட்டைக் காட்டுகிறேன். போடத் தோன்றும் நாளில் மட்டும்.

லாத்தாவை மறுபடி உள்கதவு வழியாக வரவைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. மூடி போட்டதைக் காட்டினேன். வயரை அடைச்சாச்சு என்று சத்தியமும் செய்தேன். அவள் கதவை ஓரமாகத் தள்ளி, ஆணக் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மேலே பார்த்தாள்.

"கத்துமாடி?"

"கத்தாது, வா."

ஒரு காலை மட்டும் உள்ளே வைத்துவிட்டு, அப்படியே நின்று காது கொடுத்துக் கேட்டாள்.