வைக்கோலுக்குள் வாஷிங் மெஷின்

வாஷிங் மெஷினை வைக்கோலால் மூடிவிட்டு, "இதுதான் எங்க ஊர் வைக்கோல் போர்" என்று ஒரு வெளிநாட்டுப் பெண்மணியிடம் கையை நீட்டிக் காட்டியவன் நான்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, சொந்த மூளை. பின்னால் ஒயர் தெரிகிறதே என்று அதன்மேல் பூசணிக்கொடியை இழுத்துவிட்டதும் நான்தான்.

எல்லாம் போனில் பார்த்த ஒரு வீடியோ செய்த வேலை. ஆப்பிரிக்காவில் ஒரு கிராமம். சுற்றுலாக்காரர்கள் வந்து இறங்குகிறார்கள். சிவப்புத் துணி போர்த்தியவர்கள் பாடி வரவேற்கிறார்கள், குச்சியைத் தேய்த்து நெருப்பு உண்டாக்குகிறார்கள், நின்ற இடத்திலேயே எம்பி எம்பிக் குதிக்கிறார்கள். வந்தவர்கள் மண் வீட்டுக்குள் குனிந்து போய் நிமிர்ந்து வந்து, பிறவிப் பயனை அடைந்த முகத்தோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அன்றைக்கே எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. உத்திரமேரூர் பக்கம் எங்களுக்கும் நிலம் இருக்கிறது, ஏரி இருக்கிறது, வயலை ஒட்டி ஓடு போட்ட ஒரு கொட்டகை சும்மா கிடக்கிறது. நாம் என்ன குறைந்துபோய்விட்டோம்?

சிக்கல் என்னவென்றால், அந்தக் கொட்டகையில் காளான் வளர்க்க என் மனைவி ஏற்கெனவே பயிற்சிக்குப் போய் வந்திருந்தாள்.

"உன் மூஞ்சியப் பாக்க வெளிநாட்லேர்ந்து யாருய்யா வரப்போறாங்க?" என்றாள்.

"வருவாங்க பாரேன்."

"வரட்டும். ஒரே ஒருத்தங்க வந்து, 'இன்னொரு தபா வரேன்'னு அவங்க வாயால சொல்லட்டும். சொன்னா கொட்டா உனுக்கு. சொல்லலன்னா மறுநாளே காளான் வெத வாங்கியாந்துருவேன். அப்புறம் பேச்சே கெடையாது."

பந்தயம் முடிவாகிவிட்டது. ஆள்தான் இல்லை.

ஆளை அவள் தம்பியே கொண்டுவந்தான். சென்னையில் டாக்ஸி ஓட்டுகிறான். ஒரு நாள் போன் செய்தான். "மாமா, கென்யாலேர்ந்து ஒரு மேடம் வந்துகீறாங்க. அவங்கப்பாவுக்கு ஹார்ட் ஆபரேசன். நல்லாயிடுச்சாம். ஒரு நாளாவது ஆஸ்பத்திரி நாத்தம் இல்லாத எடத்துக்கு இட்டுனு போன்னு கேக்கறாங்க. நம்ம ஊருக்கு இட்டாரட்டா?"

"இட்டாடா மச்சான்!" என்று கத்தியதில் கொல்லையில் கோழிகள் சிதறி ஓடின.

ஏற்பாட்டில் இறங்கினேன். டிஷ் ஆன்டெனாவுக்குக் கோணி கட்டினேன். பைக்கைக் கிணற்றுப் பக்கம் தள்ளினேன். மாட்டு வண்டி கேட்டுச் சாலவாக்கம் போனால், அந்த ஆள் மாட்டை விற்று டிராக்டர் வாங்கியிருந்தான். "டிராக்டரு வோணும்னா எட்துனு போ, அதுலயும் தான் மண்ணு கீது" என்றான். கடைசியாக மனைவியிடம் போய், விருந்தாளி வரும் நேரத்தில் அம்மியில் அரைத்துக்கொண்டிருக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டேன்.

"மிக்சி இன்னா பாவம் பண்ணுச்சு? ஆசையா இருந்தா நீயே அரை."

அரைத்தேன். மிளகாய் அரைத்த கையாலேயே நெற்றி வியர்வையைத் துடைத்தேன். கார் வந்து நின்றபோது இரண்டு கண்ணிலும் தாரை தாரையாக ஊற்றிக்கொண்டிருந்தது. காரிலிருந்து இறங்கிய பெண்மணி, ஜீன்ஸும் கை நிறைய மணி வளையலும் போட்டவர், பதறிப்போய் மச்சானிடம் ஏதோ கேட்டார்.

"இன்னாடா கேக்கறாங்க?"

"வூட்ல யாராவது செத்துப்பூட்டாங்களான்னு கேக்கறாங்க மாமா."

முகத்தைக் கழுவிக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஊரைச் சுற்றிக் காட்டினேன். எங்கள் ஊரில் மின்சாரமே போன வாரம்தான் வந்தது என்கிற மாதிரி ஒரு தோரணை. கொல்லைக்கு வந்து வைக்கோல் போரைக் காட்டிய நேரத்தில் அது லேசாக உறுமியது. அப்புறம் ஆடியது. அப்புறம் சாமி வந்த மாதிரி உதறியது. என்னிடம் சொல்லாமல் மனைவி அப்போதே உள்ளேயிருந்து சுவிட்சைப் போட்டிருக்கிறாள், அழுக்குத் துணி காத்திருக்குமா? இப்போது துணி பிழியும் கடைசிச் சுற்று. ஆடிய ஆட்டத்தில் வைக்கோல் சரிந்தது. பக்கத்தில் கட்டியிருந்த செவலை மாடு மிச்சத்தையும் பொறுமையாக இழுத்துத் தின்றது. வெள்ளை மூடி, பொத்தான், சிவப்பு விளக்கு எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசியில் மெஷின் பீப் பீப் என்று கத்தி, வேலை முடிந்தது என்று எல்லோருக்கும் அறிவித்தது.

அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரிப்புக்கு நடுவே மச்சானிடம் என்னென்னவோ சொன்னார்.

"மாமா, இவங்களுதும் ஒரு டூரிஸ்ட்டு ஊருதானாம்! நீ வீடியோல பாத்தியே, அதே மாதிரி. மசாய் ஜனமாம். டூரிஸ்ட்டு வந்தா பாடிக் கூப்புடறதே இவங்க வேலையாம். வண்டி சத்தம் கேட்டா இவங்க தம்பி பைக்க முள்ளு வேலிக்குப் பின்னால தள்ளுவானாம். சோலார் பலகை மேல மாட்டுத்தோலப் போட்டு மூடுவாங்களாம்."

"அப்புறம் எதுக்குடா சிரிக்கறாங்க?"

"வாஷிங் மெஷினுக்கு இந்த ஐடியா அவங்களுக்கே தோணலியாம்."

பாராட்டா, திட்டா என்று புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டு வைத்தேன்.

அதற்குமேல் சுற்றிக் காட்ட என்னிடம் சரக்கு இல்லை. மனைவி வந்து அவர் கையைப் பிடித்துச் சாப்பிட அழைத்துப் போனாள். நான் கண்ணீர் விட்டு அரைத்த மிளகாய் அம்மியிலேயே கிடக்க, மிக்சியில் அரைத்த மசாலாவில் நாட்டுக்கோழிக் குழம்பு. அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வாட்சப்பில் அப்பாவைக் கூப்பிட்டு இலையைக் காட்டினார். படுக்கையில் சாய்ந்திருந்த பெரியவர் எங்கள் எல்லோருக்கும் கை ஆட்டினார்.

சாப்பிட்டபின் கொட்டகைக்குப் போனோம். வயல் காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. அவர் சுவரைத் தொட்டுப் பார்த்தார், ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தார், இது யாருடையது என்று கேட்டார். இவர் 'திரும்ப வருவேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மச்சான் என்னைக் காட்டி, "மாமா ஹவுஸ்" என்றான்.

அந்தப் பெண்மணியின் முகம் மலர்ந்தது. நேராக வந்தார். என்னைத் தாண்டிப் போனார். என் மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மாமா! மாமா!" என்று உருகிப் பேசினார்.

மச்சான் வாயைப் பிளந்தான். "அக்கா, இது உன் கொட்டான்றாங்க. அவங்க ஊர்லயும் வூடு கட்றது பொம்பளைங்கதானாம், வூடும் அவங்களுதாம். அடுத்த வாரம் பிளேன் ஏர்றதுக்கு முன்னால, அப்பாவ இட்டுனு வந்து ரெண்டு நாள் உன்கூட இருந்துட்டுப் போறாங்களாம்."

"என்கூடவா? நீ மாமான்னுதானடா சொன்ன?" என்றாள் மனைவி.

விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவர்கள் பக்கம் மாமா என்றால் அம்மா. வீட்டுப் பெரிய பெண்மணியை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்களாம்.

"அப்ப காலைலேர்ந்து நீ என்னைக் கூப்ட்டப்பல்லாம்?" என்றேன் மச்சானிடம்.

"ஆமா மாமா. மீசை வச்சவர ஏன் அம்மான்றான்னு அவங்களும் கொழம்பிக்கினுதான் இருந்தாங்களாம்."

"டேய், மொதல்ல கொட்டா என்னுதுன்னு சொல்டா!"

சொன்னான். அவர் என்னைப் பார்த்துப் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். "இருக்கட்டுமாம் மாமா. ஆனா அவங்க வரது அக்காகிட்டத்தானாம்" என்று மொழிபெயர்த்தான் மச்சான்.

போவதற்கு முன் அவர் பாடினார். ஊரில் விருந்தாளிகளுக்குப் பாடும் வரவேற்புப் பாட்டு. இன்றைக்கு யாருக்காகவும் இல்லை, அப்பா பிழைத்துவிட்டார், அதற்காக என்றார். தோளை ஆட்டி ஆட்டிப் பாடிய சத்தத்தில், நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் சேற்றுக் காலோடு வரப்பேறி வந்துவிட்டார்கள். மச்சான் குதித்தான், அவர்கள் குதித்தார்கள், என் மனைவி புடவையைச் செருகிக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன். கையை உயர்த்தினால் வேட்டி நிற்கவில்லை, வேட்டியைப் பிடித்தால் கால் எழும்பவில்லை. நடவு நட வந்த ஒருத்தி, "யோவ், ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணு!" என்று கத்தினாள். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.

கார் ஏரிக்கரை திரும்பி மறைந்ததும் மெதுவாக ஆரம்பித்தேன்.

"திரும்ப வரேன்னு சொன்னாங்களா இல்லியா? பந்தயம் எனுக்குத்தான்."

"சொன்னாங்க. ஆருகிட்ட சொன்னாங்க?"

மெஷினிலிருந்து துணியை எடுத்து, ஒட்டியிருந்த வைக்கோலை உதறிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். காளானைப் பின்பக்கச் சாய்ப்பில் போட்டுக்கொள்வாளாம், பெரியவருக்குக் கட்டில் எங்கே போடுவது என்பதுவரை அவளே முடிவு பண்ணிவிட்டிருந்தாள்.

"சரி. கொட்டாயும் உன்னுது, விருந்தாளியும் உன்னுது. அடுத்த வாரம் அவங்க வர்றப்ப எனுக்கு இன்னா வேல?"

"கார் சத்தம் கேட்டதும் பைக்கோட சேந்து நீயும் கெணத்துப் பக்கம் போறது."