கை தெரிகிற மாதிரி ஒரு படம்

போன வாரம் ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பிரவுசிங் சென்டரில் காத்திருந்தேன். அக்கா மகனுக்கு ஏதோ விண்ணப்பம். படத்தை ஏற்றினால் அளவு சரியில்லை என்று கம்ப்யூட்டர் திருப்பித் திருப்பித் தள்ளிக்கொண்டிருந்தது. கடைக்காரப் பெண் படத்தின் ஓரங்களைப் பிடித்து உள்ளே இழுத்தாள், வெளியே விட்டாள். பையனின் காது போயிற்று, திரும்ப வந்தது. எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனாலும் இன்னொருவர் மவுஸ் பிடிக்கும்போது பக்கத்திலிருந்து யோசனை சொல்வது, இன்னொருவர் அடுப்பில் போய் உப்புப் பார்ப்பது மாதிரி. வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்போது ஷிப்ட் முடிந்து வந்த ஒருவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் சட்டையிலிருந்து, மிஷினில் இரும்பு வெட்டும்போது ஊற்றும் கட்டிங் ஆயில் வாசம் வந்தது.

அந்த வாசத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? கொஞ்சம் சூடான இரும்பு, கொஞ்சம் கெட்டுப்போன எண்ணெய், அதைக் கழுவப் போட்ட சோப்பு. மூன்றும் சேர்ந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ஓசூரில் எந்த டவுன் பஸ்ஸில் ஏறினாலும் அதுதான் அடிக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் என் துப்பட்டாவிலும் அது ஏறிக்கொண்டது. அம்மா தனியாக ஊறவைத்துத் துவைப்பாள். இத்தனைக்கும் நான் மிஷின் பக்கமே போனதில்லை.

என் வேலை ஏசி அறையில். வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனி அது. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்ததும், ஆட்களின் விவரம் பார்க்கும் பர்சனல் டிபார்ட்மென்ட்டில் எடுத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பு போட்டுக்கொண்டு போகக் கூடாது. மேனேஜர்கூட சாக்ஸோடுதான் வருவார், பெருவிரல் ஓட்டையை மறைத்துக்கொண்டு. அந்த வருடம்தான் எல்லோருக்கும் படம் போட்ட அடையாள அட்டை என்று முடிவானது. அதற்காக ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினார்கள். செங்கல் கனம். அதன் வயிற்றுக்குள்ளேயே ப்ளாப்பியைப் போட வேண்டும். ஒரு படம் எடுத்தால் அதை எழுதி முடிக்கும்வரை கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும், தேங்காய் துருவுவது மாதிரி. அந்த ப்ளாப்பியைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் போட்டு, எடிட்டிங் சாப்ட்வேரில் திறந்து, அட்டைக்குத் தகுந்தபடி முகத்தை மட்டும் க்ராப் செய்வது என் பொறுப்பு.

வீட்டில் இதை விளக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அத்தா பஸ் நிலையம் பக்கம் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தார். க்ராப் என்றால் அவருக்குத் தலைமுடி வெட்டுவதுதான்.

"அதுக்கு எதுக்கும்மா டிப்ளமா? ரோட்டுக்கு அந்தப் பக்கம் சலூன் கடைக்காரரு எட்டாவதுதான் படிச்சிருக்காரு" என்றார்.

எனக்கு எதையும் பட்டியல் போட்டுச் செய்கிற பழக்கம் அப்போதே உண்டு. படத்தில் இருக்க வேண்டியவை: நெற்றிக்கு மேல் ஒரு விரல் இடம், இரண்டு காதுகள், தோள் தொடங்கும் இடம். கூடாதவை: பின்னாலிருக்கும் காலண்டர், ஜன்னல் கம்பி, பக்கத்தில் நிற்பவரின் முழங்கை. ஆட்களுக்கோ என் பட்டியல் பிடிக்காது. பவுடர் பூசி, தலை நனைத்து வாரி, புதுச்சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். ஸ்டோர்ஸில் ஒருவர் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வாட்ச் தெரிய வேண்டும் என்று கையை நெஞ்சுக்குக் குறுக்கே வைத்து நின்றார். அட்டை வந்த அன்று நேராக என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், என் வாச்சு எங்க?"

"கையிலதான சார் கட்டியிருக்கீங்க?"

"போட்டோல கேக்கறேன். மாமனாரு பாத்தா வித்துட்டேன்னு நெனைப்பாரு."

மாதேஸ்வரி அப்படியெல்லாம் கேட்கிறவள் இல்லை. மத்தூருக்கு அந்தப்புறம் ஒரு ஊர். மாந்தோப்பும் தக்காளிக் காடும் உள்ள குடும்பம். அசெம்பிளி லைனில் டிரெய்னியாகச் சேர்ந்து, மூன்று பெண்களோடு ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். கேமரா வந்த முதல் நாள் அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. டீ குடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவளை ஆபீசுக்கு முன்னாலிருந்த ரோஜாப் பாத்தி ஓரம் நிற்க வைத்துத் தலை முதல் கால் வரை ஒரு படம் எடுத்தேன். சாம்பல் நிற பேண்ட், உள்ளே விட்ட சட்டை, பெல்ட், கறுப்பு ஷூ. இரண்டு கைகளையும் கோத்து பெல்ட்டின் மேல் வைத்துக்கொண்டு, யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்து முடிக்கிற முகம். அதைவிட நல்ல படம் அந்தக் கேமராவில் நான் பிறகு எடுக்கவே இல்லை.

ஒரு மத்தியானம் கதவுக்கு வெளியே ஷூவைக் கழற்றிவிட்டு வந்து நின்றாள்.

"அக்கா, அப்பா ஒரு போட்டோ அனுப்பச் சொல்லியிருக்காரு. நீங்க எடுத்தீங்களே, அது கெடைக்குமா?"

திரையில் திறந்து காட்டினேன். பார்த்ததும் சிரித்தாள். உடனே சிரிப்பு நின்றுவிட்டது.

"பேண்டு தெரியுதுக்கா."

"பேண்ட் போட்டா தெரியத்தான செய்யும்?"

"ஊர்ல சுடிதாருக்கு மேல கோட்டுன்னு சொல்லி வச்சிருக்கேன். சுடிதாருக்கே எங்க மாமா ஒரு வாரம் எங்கூட்டுப் பக்கம் வரல. பொண்ண கம்பெனிக்கு அனுப்புனதுக்கு அப்பாவ ஊரே கேக்குது. பேண்டுன்னு தெரிஞ்சா அப்பா அடுத்த பஸ்ல வந்து கூட்டிட்டுப் போயிருவாருக்கா. அப்பறம் வேலையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அதை அழுகையில்லாமல், பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து படத்தின் கீழ் ஓரத்தை மேலே ஏற்றினோம். ஷூ போயிற்று. பேண்ட் போயிற்று. பெல்ட்டில் வந்து நின்றேன்.

"இன்னும் மேலக்கா. சட்டைய உள்ள விட்டிருக்கறது தெரியுது."

"மேல ஏத்துனா கையும் போயிரும்."

"போவட்டும். மூஞ்சி தெரிஞ்சா போதாதா?"

கை போயிற்று. நெஞ்சளவில் நின்ற படத்தில் சட்டையின் காலர் மட்டும் தெரிந்தது. கோட்டு என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். பளபளப்புத் தாளில் பிரின்ட் எடுத்து, மை காயும்வரை இரண்டு பேரும் ஊதினோம். என் டிப்ளமா ஒருவழியாக யாருக்கோ உதவியது என்று அன்று எனக்குப் பெருமை.

அடுத்த வாரமே கேட்டிலிருந்து போன் வந்தது. மாதேஸ்வரியின் அப்பா வந்திருக்கிறாராம். வெயிட்டிங் ரூமில் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கிறாராம். லைனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு நானே போனேன். வேட்டி, தோளில் துண்டு, காலில் தோட்டத்து மண். முதல் பஸ் பிடித்து, கிருஷ்ணகிரியில் மாறி வந்தவரின் முகம். கையில் அந்தப் படம்.

என் கழுத்திலிருந்த அட்டையைப் பார்த்து, ஆபீஸ் ஆள்தான் என்று உறுதி செய்துகொண்டு கேட்டார்.

"இதுல எம் பொண்ணு கை எங்கம்மா?"

எனக்கு விளங்கவில்லை. "அது க்ராப் பண்ணினதுங்க. நான்தான் வெட்டினேன்" என்று சொல்லி வைத்தேன். வாழ்க்கையில் என் வாயிலிருந்து வந்த வாக்கியங்களில் அவ்வளவு மோசமானது வேறு இல்லை. அவர் பக்கத்திலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

பிறகுதான் அவர் சொன்னது புரிந்தது. அவர்கள் தெருவில் ஒருவர் எங்கேயோ இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் நான்கு விரல்களை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர். அந்தக் காலத்தில் தொழிற்பேட்டை டீக்கடைகளில் மிஞ்சிய கட்டைவிரலோடு டம்ளரை அணைத்துப் பிடித்துக் குடிப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். படம் வந்ததும் மாதேஸ்வரி வீட்டில் தெருவுக்கே காட்டியிருக்கிறார்கள். எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். அந்த விரல் போனவர் மட்டும் படத்தின் கீழ் ஓரத்தைப் பார்த்தார். 'மூஞ்சிய மட்டும் எடுத்து அனுப்பிக்கிறாங்களே, கையக் காட்டலியே' என்றாராம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

"கையெல்லாம் நல்லா இருக்குதுங்க. நான் காலையிலகூடப் பார்த்தேன்" என்றேன்.

"நீங்க ஆபீசுக்காரங்க. அப்பிடித்தாம்மா சொல்வீங்க. எம் பொண்ணக் கூப்பிடுங்க."

அதற்குள் அவள் வந்துவிட்டாள். அப்பா வந்திருக்கிறார் என்ற ஒன்றைத்தான் லைனில் சொல்லியிருந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் வருகைப் பதிவு செய்யும் டைம் ஆபீஸ் சுவர்வரை ஓடி வந்தவளுக்கு அங்கேதான் பேண்ட் நினைவு வந்திருக்கிறது. சுவருக்குப் பின்னாலிருந்து என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க துப்பட்டாவக் குடுங்க. சீக்கிரம்!"

"மாதேசு, அவரு வந்தது அதுக்கில்ல…"

சொல்லி முடிக்கவிடவில்லை. என் தோளிலிருந்து உருவி, இடுப்பைச் சுற்றிப் பாவாடை மாதிரி கட்டினாள். ஷிபான் துணி, முடிச்சு நிற்கவில்லை. இரண்டு கைகளையும் துணிக்குள் விட்டு இறுக்கிப் பிடித்தபடி அப்பாவை நோக்கி நடந்தாள்.

இப்போது அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். மகள் வருகிறாள். முகம் வெளுத்திருக்கிறது. இரண்டு கைகளும் துணிக்குள்.

"கையக் காட்டு, பாப்பா" என்றார்.

"நீ எதுக்குப்பா சொல்லாம கொள்ளாம வந்த?"

"கையக் காட்டு."

"காட்டறேன்ப்பா. மொதல்ல வெளிய போயி ஒரு டீ குடிக்கலாம், வா."

"ஐயோ, எங்கம்மா! கையக் காட்டேன் தாயி!"

அவர் குரல் உடைந்த விதத்தில் கேட்டிலிருந்த செக்யூரிட்டி எழுந்து நின்றுவிட்டார். லைனிலிருந்து பின்னாலேயே வந்த கன்னட சூப்பர்வைசர், "ஏனாயித்து? என்னாச்சும்மா?" என்று என்னைக் கேட்டார். மாதேஸ்வரி அப்பாவையே பார்த்தாள். பிறகு துணியை விட்டுவிட்டாள். துப்பட்டா நழுவிக் காலடியில் விழுந்தது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள்.

அவர் அவற்றைப் பிடித்தார். திருப்பினார். ஒவ்வொரு விரலாகத் தொட்டார், சந்தையில் வெண்டைக்காய் முனையைப் பார்ப்பது மாதிரி அழுத்தி அழுத்தி. நகத்தில் ஒட்டியிருந்த கறுப்பைத் தன் துண்டால் துடைத்துப் பார்த்தார். அதன் பிறகு அப்படியே தரையில் குந்தி உட்கார்ந்து, அந்தத் துண்டிலேயே முகத்தை மூடிக்கொண்டார்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கண்ணுக்கு நேரே இருந்தது பேண்ட்.

"இது என்னாது?"

"யூனிபாரம்ப்பா. எல்லாப் பொண்ணுங்களும் இதான் போடறது. பாவாட, துப்பட்டான்னா மிஷின்ல சிக்கி இழுத்துக்கும்னு குடுத்துருக்காங்க."

"இது சிக்காதா?"

"சிக்காதுப்பா."

அவர் கையை நீட்டி, கால் பக்கத்துத் துணியை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். மாட்டுக்குக் கயிறு வாங்கும்போது இழுத்துப் பார்ப்பார்களே, அப்படி.

"அப்ப போட்டுக்கோ" என்றார். எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "மாமனுக்கு நான் சொல்லிக்கறேன்" என்றார்.

போகும்போது என்னிடம் வந்தார். "கையி காலோட ஒண்ணு போட்டுக் குடும்மா. இவ அம்மா நான் சொன்னா நம்ப மாட்டா." ஓரம் எதையும் தொடாமல், ரோஜாப் பாத்தி முதல் கறுப்பு ஷூ வரை முழுசாகப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். மை காயட்டும் என்றால் கேட்காமல், அதை விரித்த உள்ளங்கைகளில் ஏந்திக்கொண்டே பஸ்ஸுக்குப் போனார்.

கதை லைனுக்குப் பரவ அரை நாள்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு ஊருக்கு அனுப்பப் படம் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "மேடம், கை தெரியற மாதிரி." இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கி, விரல்களை விரித்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். முதலில் கேலியாகத்தான் செய்தார்கள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ராயக்கோட்டைக்காரர், திருநெல்வேலியிலிருந்து வந்த பையன்கள், வாட்ச் மாமனார் மருமகன், எல்லோரும் அப்படியேதான். என் பட்டியலில் 'இருக்க வேண்டியவை' பக்கம் விரல்களையும் சேர்த்துக்கொண்டேன்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. மாதேஸ்வரி கல்யாணமான பிறகும் சில வருடங்கள் வேலைக்கு வந்தாள். அப்புறம் பெங்களூர்ப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். ப்ளாப்பிகளில் பூஞ்சை பிடித்து ஒன்றுகூடத் திறக்கவில்லை. தாளில் போனவை மட்டும் எங்காவது மிஞ்சியிருக்கலாம். மத்தூர்ப் பக்கமோ ராயக்கோட்டைப் பக்கமோ, மை வெளுத்துப்போய், ஏதாவது ஒரு வீட்டுச் சுவரில், சாம்பல் உடுப்பில் ஒருவர் பத்து விரலையும் விரித்துக் காட்டிக்கொண்டு நிற்கலாம். அந்த வீட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்து, அந்தக் காலத்தில் போட்டோவுக்கு இப்படித்தான் நிற்பார்கள் போல என்று நினைத்துக்கொள்ளும்.