அவதான் செஞ்சா

டைல்ஸ் மேஸ்திரி கத்துகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் பொருள்களை வைக்கிற சத்தம் மட்டும் கூடும். ஆண்டின் கடைசி நாளான அன்று காலை ஒன்பது மணியிலிருந்து அவர் வீட்டுச் சமையலறையில் ஒரு கிண்ணம்கூட மெதுவாகக் கீழே இறங்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, லீவு நாளில் வீட்டிலேயே இடிக்க ஆரம்பித்துவிட்டீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மேடைமேல் ஒரு கிரானைட் பலகை கிடந்தது. யார் வீட்டுக்கோ வெட்டியதில் மிஞ்சிய துண்டு. பக்கத்தில் இரண்டு கரணைகள், ஒன்று மழமழப்பானது, இன்னொன்று ஓரத்தில் சீப்பு மாதிரி பல் வைத்தது. சிமெண்ட் கலவையைத் தடவுகிற அதே சாமான்தான், ஆனால் இந்த இரண்டிலும் ஒரு நாளும் சிமெண்ட் பட்டதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, சாக்லேட்டுக்கு மட்டும் பெட்டியைவிட்டு வெளியே வரும்.

பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பேக்கரிக்குத் தரை போடப் போனபோது வந்த பைத்தியம் இது. அங்கே ஒருவர் உருக்கிய சாக்லேட்டைக் கல்லில் ஊற்றி, பரப்பி, வழித்து, மறுபடி பரப்பிக்கொண்டிருந்தார். மேஸ்திரி முழங்காலில் நின்றபடி பன்னிரண்டு நாள் அதைப் பார்த்தார். இதென்ன, நம் கைவேலைதானே என்று தோன்றியது. வீட்டில் செய்து பார்த்தார். மூன்று தடவை குட்டிச்சுவரானது. பழத்தில் ஒட்டியிருந்த ஒரு சொட்டு ஈரம் போதும், சாக்லேட் மணல் மணலாகத் திரிந்துவிடும். நாலாவது தடவை ஒவ்வொரு திராட்சையாகத் துணியில் துடைத்து வைத்தார். வந்துவிட்டது.

அடியில் வெண்ணெயில் பிசைந்த பிஸ்கட் தூள். அதன்மேல் கெட்டியான கிரீம். பிறகு ஸ்ட்ராபெரி, தோலும் நாரும் எடுத்த ஆரஞ்சுச் சுளை, திராட்சை, மாதுளை முத்து. எல்லாவற்றையும் மூடி, பல் கரணையால் கோடு இழுத்த மெல்லிய சாக்லேட் தகடு. கத்தி வைத்தால் படக்கென்று உடையும். அந்தச் சத்தத்துக்காகத்தான் மனிதர் உயிரை விடுவார்.

ஒரே கட்டடங்களில் வேலை பார்த்துப் பழகிய மூன்று பேர், வருஷக் கடைசியில் எலக்ட்ரீஷியன் வீட்டில் கூடிச் சாப்பிடுவது வழக்கம். எலக்ட்ரீஷியனும் அவர் மனைவியும், மேஸ்திரியும் அவர் மனைவியும், பிறகு பிளம்பர். பிளம்பருக்குக் குடும்பம் இல்லை, வாய் மட்டும் உண்டு. முதல் வருஷம் மேஸ்திரி தட்டைத் திறந்ததும் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். யார் செய்தது என்று பிளம்பர் கேட்டான். பட்டனை அமுக்கியது மாதிரி மேஸ்திரி வாயிலிருந்து பதில் வந்தது.

"அவதான் செஞ்சா."

வேறென்ன சொல்வார்? நாள் முழுக்க டைல்ஸ் சுமக்கிற ஆள் ஸ்ட்ராபெரியைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தேன் என்றால், மறுநாள் கட்டடம் முழுக்கப் பிளம்பர் அதை ஒலிபரப்பியிருப்பான். மனைவி ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம், நான்தான் என்றாள். அவர் மானத்தைக் காப்பாற்றினாள்.

இது நடந்து ஒன்பது வருஷம். வெட்கம் மூன்றாவது வருஷத்திலேயே தேய்ந்துபோனது. அதற்குப் பிறகு மேஸ்திரிக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. உங்கள் கைக்குத் தங்க வளையல் போட வேண்டும் என்று பிளம்பர் அவளிடம் சொல்வான். எலக்ட்ரீஷியன், மேஸ்திரிக்கு அடித்த யோகம் என்பார். மேஸ்திரி தன் கையால் செய்ததைத் தானே மென்று விழுங்கிக்கொண்டு சிரிப்பார். சொல்ல வேண்டியதுதானே? சொல்ல மாட்டார். அவளாகச் சொல்லட்டும் என்று வருஷா வருஷம் காத்திருந்தார், பெரிய துரை.

முந்தின நாள்தான் பொறுமை அறுந்தது. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளே மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் எலக்ட்ரீஷியன் மனைவி. பழத்தை ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும், அவசரப்பட்டால் போச்சு, கல்லில் ஊற்றி வழிக்க வழிக்கத்தான் பளபளப்பு வரும் என்று அவருடைய வார்த்தைகளை, அவருடைய இழுவையோடு சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் அவர்கள் குடியிருப்பில் ஆறு பெண்களுக்குச் செய்து காட்டவும் ஒப்புக்கொண்டாள். மேஸ்திரி ஒற்றைச் செருப்போடு நின்றார்.

ராத்திரி சோறு இறங்கவில்லை. காலையில் எழுந்து பாத்திரங்களைப் போட்டு உருட்ட ஆரம்பித்தார். மனைவி வந்து கதவோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். விஷயம் என்ன என்று கேட்டாள். இன்றைக்கு எல்லோர் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைக்கப்போகிறேன் என்றார். அவள் பதறுவாள் என்று நினைத்தார். பதறவில்லை.

"அவ செஞ்சான்னு சொன்னது யாரு? நான் கேட்டேனா?"

"அன்னைக்கு ஏதோ வாயில வந்துச்சு. அதுக்காக ஒன்பது வருஷமா என்னோடத எடுத்துக்குவியா?"

"எடுத்துக்கல. நீங்க வேண்டாம்னு போட்டதை எடுத்து வச்சுக்கிட்டேன்."

மேஸ்திரி கரணையை டணாரென்று கல்லில் வைத்தார். அவள் அசையவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார்.

"கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷம். தினம் மூணு வேளை உங்களுக்குப் பொங்கிப் போடறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நல்லாருக்குன்னு சொல்லியிருக்கீங்களா? அந்த மூணு பேர் வருஷத்துல ஒரு தடவை என்னைப் பாத்து நல்லாருக்குன்னு சொல்றாங்க. அது எனக்குச் சேர வேண்டியதில்லன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் வாங்கிக்கிட்டேன்."

சொல்லிவிட்டு அவள் துணி காயப்போடப் போய்விட்டாள். மேஸ்திரிக்குக் கோபம் குறையவில்லை, கூடியது. குற்றவாளியைப் பிடித்துக்கொண்டு போனவனுக்குத் தன் கையிலேயே விலங்கு மாட்டினால் வருமே, அந்தக் கோபம். அந்தக் கோபத்தோடேயே சாக்லேட்டை வழித்தார். அந்த வருஷம் வந்த பளபளப்பு வேறெந்த வருஷமும் வந்ததில்லை. முகம் தெரிந்தது.

சாயங்காலம் எலக்ட்ரீஷியன் வீட்டில் சாப்பிட்டு முடிந்ததும் தட்டு மேசைக்கு வந்தது. கத்தி இறங்கியது. படக். பிளம்பர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் தின்றுவிட்டு, அண்ணிக்கு நிகர் அண்ணிதான் என்று ஆரம்பித்தான். மேஸ்திரி தொண்டையைக் கனைத்தார். அதற்குள் மனைவி பேசிவிட்டாள்.

"இதை நான் செய்யல. எந்த வருஷமும் நான் செய்யல. எல்லாம் அவர் கை வேலை."

முதலில் யாரும் நம்பவில்லை. மேஸ்திரி மணிக்கட்டைத் திருப்பி, வழிக்கும் விதத்தைக் காட்டியதும் நம்பினார்கள். பிறகு கேட்கவா வேண்டும்? எலக்ட்ரீஷியன் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். பிளம்பர் கிண்டல் செய்யவே இல்லை, அடுத்த வருஷம் எனக்கும் சொல்லிக்கொடு என்று கையைப் பிடித்துக்கொண்டான். மேஸ்திரி பூரித்துப்போனார். பேக்கரியில் தொடங்கி, மூன்று தடவை குட்டிச்சுவரானதுவரை ஒன்றுவிடாமல் சொன்னார். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். யார் முதலில் பொய் சொன்னது என்பதை.

"அப்ப போன்ல எனக்குச் சொன்னதெல்லாம், அக்கா?" என்று எலக்ட்ரீஷியன் மனைவி கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொன்னேன் என்று பதில் வந்தது. ஆறு பேரிடம் சொல்லிவைத்தேனே என்றாள் எலக்ட்ரீஷியன் மனைவி. பிறகு பேச்சை மாற்றினாள். யாரும் சொல்லாமலே மேஸ்திரி மனைவி காலித் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு, அடுத்தவர் வீட்டுப் பாத்திரத் தொட்டிக்குப் போனாள். தன் பங்கை அவள் தொடவில்லை.

பிளம்பரால் எவ்வளவு நேரம் சும்மா இருக்க முடியும்?

"அண்ணி, தட்டு கழுவறதாவது நீங்கதானே? இல்ல அதுவும் மேஸ்திரிதானா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மேஸ்திரிக்குத் தெரியும். ஒன்பது வருஷம் இதே மேசையில் அவர் சிரித்த சிரிப்பு. கத்தத் தெரியாத மனிதர் கத்தினார்.

"முதல் வருஷம் பொய் சொன்னவன் நான்டா! நீ சிரிப்பேன்னு பயந்துக்கிட்டு நான் சொன்னேன். என் மானத்துக்காக அவ தலையாட்டினா. இப்ப என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு?"

பிளம்பர் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று முனகினான். எலக்ட்ரீஷியன் தண்ணீர் எடுத்துக் குடித்தார். தொட்டியருகே குழாய் நின்றது, பிறகு மறுபடி ஓடியது. அன்றைக்கு எல்லோரும் சீக்கிரமே கிளம்பினார்கள்.

பஸ்ஸில் வழி முழுக்க அவள் ஏதாவது சொல்வாள் என்று மேஸ்திரி எதிர்பார்த்தார். இவ்வளவு செய்தாயிற்றே. அவள் காலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அதுவும் அவருக்குக் கோபம்தான். ஆனால் யார்மேல் என்று இப்போது கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் காலை அவர் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவள் தட்டை முன்னால் வைத்தாள். ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு தயார் செய்துவைத்திருந்ததை மேஸ்திரி சொன்னார்.

"நல்லாருக்கு."

அவள் நின்று அவரைப் பார்த்தாள்.

"இன்னும் வாயிலயே வைக்கலியே."