மூன்றாவது பட்டன்

ஒவ்வொரு பட்டனையும் இரண்டு விரலால் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அராபா நடிகர்களைக் கேமரா முன்னால் போகவிடுவாள். மந்திரி வேடமானாலும் டிரைவர் வேடமானாலும் கழுத்திலிருந்து வயிறு வரை ஒரு சோதனை உண்டு. "நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுவீங்க. பட்டன் தெறிச்சு மைக்ல விழும். திட்டு எனக்கு வரும்" என்பாள்.

எங்கள் தலைநகர் அக்ராவில், தெஷி கடற்கரைக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் எங்கள் தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பு நடக்கிறது. நான் வசனம் எழுதுகிறவன். அராபா உடைகளுக்குப் பொறுப்பு. நாற்பத்தாறு வயது. ஆள் குட்டை, குரல் பெரிது. நடிகர்களைச் சொந்தப் பெயரால் கூப்பிடவே மாட்டாள். "ஏ விதவை, இங்க வா, ஜிப் போடணும். புருஷன் செத்து நாலு வாரத்துல இப்படியா குண்டாவ?" விதவையும் சிரித்துக்கொண்டே முதுகைக் காட்டுவாள்.

பட்டன் தைப்பதில் அவளுக்கென்று ஒரு முறை இருக்கிறது. நான்கு குத்து குத்தி, பட்டனின் அடியில் நூலை மூன்று சுற்று சுற்றி, முடிச்சை உள்ளே ஒளித்துவிடுவாள். அவள் தைத்த பட்டன் தானாக விழாது என்பது படப்பிடிப்பில் எல்லோருக்கும் தெரியும். அதை ஒரே ஒருவனுக்குத்தான் அவள் கற்றுக்கொடுத்தாள். அவன் எங்கள் ஒலிப்பதிவாளன் கோபினா.

கோபினா பிறவியிலேயே இடது கைக்காரன். எங்கள் ஊரில் இடது கையால் ஒன்றைக் கொடுத்தால் அவமதிப்பு. பள்ளிக்கூடத்துப் பிரம்படியில் எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலது கைக்கு மாறிவிட்டன. ஊசி மட்டும் மாறவில்லை.

"இடது கையால தைக்கட்டுமா? தப்பா நினைச்சுக்காத" என்று ஒருநாள் தயங்கியிருக்கிறான்.

"என் முன்னாடி எந்தக் கையால வேணாலும் தை. ஊசிக்கு என்ன மரியாதை தெரியும்?" என்றிருக்கிறாள் இவள்.

அடுத்த மாதமே கோபினாவின் மாமன்மார் அவள் ஊரான கேப் கோஸ்ட்டுக்குப் போய், எங்கள் வழக்கப்படி அவள் வீட்டில் மது பாட்டில்களை வைத்துப் பெண் கேட்டுவிட்டார்கள்.

இது நடந்து ஒன்பது வருஷமாகிறது. அப்போது எங்கள் கதாநாயகன் டெஸ்மண்ட். ஒரு புதன்கிழமை மதியம், நாங்கள் முன்முற்றத்தில் பயறு போட்ட வாச்சே சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவன் பின்பக்கப் படிக்கட்டின் அடியில் கழுத்து முறிந்து கிடந்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் மீன் விற்கும் பெண்ணுக்குச் சண்டைச் சத்தம் கேட்டிருக்கிறது. யாருடைய குரல் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று காலைதான் கதாநாயகி செனாம் அவனை எல்லோர் முன்னிலையிலும் அறைந்திருந்தாள். இரண்டு வருஷமாக அவளைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொன்னவன், வேறொருத்திக்கு மோதிரம் போட்டுவிட்டான். "உன்னை மாடியிலேர்ந்து தள்ளினாத்தான் என் மனசு ஆறும்" என்று அவள் கத்தியது ஒலிப்பதிவிலேயே இருந்தது. மாலைக்குள் போலீஸ் அவளைக் கூட்டிப் போய்விட்டது.

மறுநாள் டெஸ்மண்டின் சட்டையை அடையாளம் காட்ட அராபாவை அழைத்தார்கள். மேசைமேல் விரித்திருந்த சட்டையைப் பார்த்ததும் பழக்கத்தில் அவள் விரல் பட்டன்மேல் போயிற்று. மூன்றாவது பட்டனில் நின்றது. அவளுடைய மூன்று சுற்று, அவளுடைய ஒளித்த முடிச்சு. ஆனால் நூல் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

"எங்க சட்டைதாம்மா" என்று இன்ஸ்பெக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு, வேறெதுவும் பேசாமல் திரும்பி வந்தாள்.

அன்று பகலில் நான் உடை அறைக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான்.

"கோபினா, இந்தச் சட்டைக்கு ஒரு பட்டன் தைச்சுக் குடு."

"இப்பவா?"

"இப்பத்தான்."

ஊசிப் பெட்டி திறக்கும் சத்தம், நூல் அறுக்கும் சத்தம்.

"ஏன் நிறுத்திட்ட? பாதியில விட்டா தெறிச்சிடும். நேத்து டெஸ்மண்டோடது தெறிச்ச மாதிரி."

"பட்டன் மூணு படி தள்ளிக் கிடந்துச்சு அராபா. நீ தைச்ச பட்டன் தானா விழாதுன்னு எல்லாருக்கும் தெரியும். சண்டை நடந்திருக்குன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. அதான் அங்கேயே தைச்சேன்."

"எதுக்குச் சண்டை?"

"மைக்கை அணைக்காம போன்ல பேசினான். உன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னான். என் காதுல ஹெட்போன். தட்டிக் கேட்கப் போனேன். சிரிச்சான். சட்டையைப் பிடிச்சுத் தள்ளிட்டேன். விழுவான்னு நினைக்கல."

"என் காதுல விழாத ஒரு வார்த்தைக்கு ஒரு உயிரா?"

"உனக்காகத்தான்..."

"எனக்காகன்னு சொல்லாத. செனாம் உள்ள உக்காந்திருக்காளே, அதுவும் எனக்காகவா?"

நடிகர்களைச் சொந்தப் பெயரால் அவள் சொல்லி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அவள் குரல் உடைந்திருந்தது. "நீயா போறியா, நான் போகட்டுமா?"

"நீ கூட வா" என்றான்.

வெயிலில் இரண்டு பேரும் காவல் நிலையம் வரை நடந்தே போனார்கள்.

செனாம் மறுநாள் வெளியே வந்தாள். அராபாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். டெஸ்மண்டை அடக்கம் செய்தபோது அவனுக்குக் கோட்டு மாட்டிவிட்டது அராபாதான். தொடரின் கதையில் அவன் பாத்திரத்தை லண்டனுக்கு அனுப்பி, அங்கிருந்து அவன் எழுதியதாக நான் ஒரு கடிதம் எழுதினேன். இன்றுவரை அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. கோபினாவுக்குப் பத்து வருஷம் தண்டனை. மது பாட்டில்களைத் திருப்பி அனுப்பிவிடு என்று அராபாவின் வீட்டில் சொன்னார்கள். அனுப்பவில்லை. மாதம் ஒருமுறை சிறைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

அந்த வார்த்தை என்னவென்று படப்பிடிப்பில் எல்லோருக்கும் அரிப்பு. டீ குடிக்கும்போதெல்லாம் ஆளுக்கொன்று ஊகிப்பார்கள். என்னாலும் தாங்க முடியாமல் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அக்கா, டெஸ்மண்ட் என்ன சொன்னான்னு கேக்கவே இல்லையா?"

இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமலே சொன்னாள்: "கேட்டா எனக்கு டெஸ்மண்ட் மேல கோவம் வரும். கோவம் வந்தா கோபினா செஞ்சது சரின்னு தோணிடும். வேண்டாம்பா."

நன்னடத்தைக்காகத் தண்டனை குறைந்து, போன மாதம் கோபினா வெளியே வந்தான். நான்தான் அவளைக் காரில் கூட்டிப் போனேன். தலை பாதி நரைத்திருந்தது அவனுக்கு. சிறைக்கு எதிரே வேப்பமரத்தடியில் மூவரும் உட்கார்ந்தோம். அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். புளித்த சோளமாவுக் கென்கே, பொரித்த மீன், அரைத்த மிளகாய்.

அவன் சாப்பாட்டைத் தொடவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அராபா, அன்னைக்கு அவன் உன்னை என்ன சொன்னான்னா..." என்று ஆரம்பித்தான்.

நான் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தேன்.

அராபா கென்கேயில் பெரிய உருண்டையாகப் பிட்டு, மிளகாயில் தோய்த்து, மீனையும் சேர்த்து, வாய் கொள்ளாதபடி அவனுக்கு ஊட்டிவிட்டாள்.