சிங்கத்துக்குக் காது ஒட்டிய கதை

சிங்கத்தைப் படம் பிடிக்கிற வேலையில் முக்கால்வாசி, அது தூங்கி எழும்பும்வரை காத்திருப்பதுதான். வெயிலில் ஜீப்புக்குள் வெந்து, கடைசியில் வால் நுனியை மட்டும் பிலிமில் கொண்டுவந்தவர்கள் இதை வாசித்தால் கொஞ்சம் ஆறுதலடைவார்கள். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் பிலிம் கழுவிப் பிரிண்ட் போடும் இடமொன்றில், இருட்டறையில் வேலை செய்தவள் நான். மற்றவர்கள் கென்யாவில் எடுத்த சிங்கங்களைக் கழுவிக் கழுவியே எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது.

நாயில் தொடங்கினேன்

எண்பதுகளின் கடைசியில் ஒரு பழைய கமராவும் நீளமான லென்ஸும் வாங்கினேன். ஓடுகிற மிருகத்தை எடுத்துப் பழக வேண்டுமே, லண்டனில் சிங்கத்துக்கு எங்கே போவது? ஞாயிறு காலைகளில் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் புல்வெளியில், ஈரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, பந்துக்குப் பின்னால் ஓடும் நாய்களை எடுத்தேன். மழை தூறினால் என் கணவர் குடை பிடிப்பார், எனக்கல்ல, லென்ஸுக்கு.

ஒரு வெள்ளைக்காரப் பாட்டி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எடுத்துக்கொண்டிருந்த செம்பட்டை நாய் அவருடையது. என்ன செய்கிறாய் என்று கேட்டார். சிங்கத்துக்காகப் பழகுகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நாயிடம் திரும்பிச் சொன்னார்: "கேட்டாயா பெர்ட்டி, நிமிர்ந்து நட. இன்றைக்கு நீதான் சிங்கம்."

ஓடாத பிலிம்

கென்யாவுக்குப் போன முதல் பயணத்தில் எங்களுக்கு வழிகாட்டி யோசப். என்னை "மாமா" என்று கூப்பிடுவார். அவர்கள் மொழியில் அம்மாவாம். என் கணவருக்கு ஒரே சிரிப்பு. மூன்றாம் நாள் காலை, கறுத்த பிடரியோடு ஒரு ஆண் சிங்கம் நேரே ஜீப்பை நோக்கி நடந்து வந்தது. விடாமல் எடுத்தேன். முப்பத்தாறு படப் பிலிமில் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அப்போதுதான் விளங்கியது, பிலிம் உருளையில் மாட்டவே இல்லை. ஒரு படம்கூட விழவில்லை. நாள் முழுக்க மற்றவர்களின் பிலிமைக் கையாண்டவள், என் பிலிமைப் போடத் தெரியாமல் விம்மி விம்மி அழுதேன். யோசப் பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றித் தந்தார். "அழாதீர்கள் மாமா, படம் விழாதது சிங்கத்துக்குத் தெரியாது. நாளைக்கும் இந்த வழியால்தான் வரும்."

கடைச் சுவர்

மறுநாள் சிங்கம் வந்தது. வந்து மரநிழலுக்குள் போய் நின்றுகொண்டது. லண்டனில் பிரிண்ட் போட்டுப் பார்த்தால் வானம் பளிச்சென்று இருக்கிறது, முகம் கரி. ஒரு கம்பி நுனியில் சின்ன மட்டைத் துண்டை ஒட்டி, தாளில் வெளிச்சம் விழும்போது முகத்தை மறைத்து ஆட்டினேன். மறைத்த இடம் வெளிறும். ஆட்டத்தை நிறுத்தினால் வட்டம் விழுந்து, சிங்கம் கண்ணாடி போட்டதுபோல் ஆகிவிடும். பதினோராவது தாளில் கண்கள் தெரிந்தன.

பெரிதாக்கி, ஈஸ்ட் ஹாமில் பலசரக்குக் கடை வைத்திருந்த நடராசா அண்ணையிடம் கொண்டுபோனேன், சுவரில் கொழுவச் சொல்லி. அவர் முகம் சுருங்கியது. இலங்கைக் கொடியில் வாளோடு நிற்கிற சிங்கத்தின் ஆட்சிக்குப் பயந்து ஓடி வந்த சனம்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். நான் படத்தைச் சுருட்டினேன். அவர் திரும்ப வாங்கி விரித்து, அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "பொறும் தங்கச்சி. கீழை 'ஆபிரிக்காச் சிங்கம்' எண்டு பெரிசா எழுதித் தாரும், கொழுவிறன்."

ஒட்டிய காது

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வேலையிடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. குறுக்கே நிற்கும் புல்லை அழிக்கலாம், கீறலை மறைக்கலாம். கை சும்மா இருக்குமா? அந்த வருசம் கென்யாவில் யோசப் காய்ச்சலில் படுத்த ஒரு நாள், வேறொரு டிரைவரோடு ஆற்றுக்கு அப்பால் போய் ஒரு பெண் சிங்கத்தை எடுத்திருந்தேன். அதன் இடது காது பாதி கிழிந்திருந்தது. வலது காதைப் பிரதி எடுத்து, திருப்பி, ஒட்டினேன். அழகாக வந்தது. யோசப்புக்குத் தபாலில் அனுப்பினேன்.

படம் நன்றாக இருக்கிறது, ஆனால் இந்தச் சிங்கத்தை எனக்குத் தெரியாது என்று பதில் எழுதினார். காது கிழிந்த ஒன்றைத்தான் அவரும் கூட்டாளிகளும் மாதக்கணக்காகத் தேடுகிறார்களாம். செத்திருக்கும் என்று கைவிடப் போகிறார்களாம். அவர்கள் காதை வைத்துத்தான் சிங்கத்தை இனங்காண்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கணவர் கடிதத்தை வாசித்துவிட்டு, "நீர் அதை வடிவாக்கிப்போட்டீர். இனி உள்ளபடி அனுப்பும்" என்றார்.

அன்றைக்கே கிழிந்த காதோடு ஒரு பிரிண்ட் போட்டு, எடுத்த இடத்தைப் பின்னால் எழுதி அனுப்பினேன். பிறகு ஒவ்வொரு நாளும் தபால்காரரைப் பார்த்தபடி இருந்தேன். ஆறு கிழமை கழித்து ஒரு சின்னக் கடிதம் வந்தது: "ஆற்றுக்கு அப்பால் கண்டுபிடித்துவிட்டோம். மூன்று குட்டிகளோடு இருக்கிறாள். காது அப்படியேதான் இருக்கிறது மாமா, தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்."

இப்போதும் படத்தில் தூசி துடைக்கிறேன், ஆனால் என் நெகட்டிவில் விழுந்த தூசியை மட்டும். சிங்கத்தின் மேல் விழுந்தது சிங்கத்தின் சொந்தச் சொத்து.