பிரெஞ்சு பேசிய பெட்டி

எண்பதுகளில் ஒரு மாசி மாதம், ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று புதுச்சேரித் தெருக்களைச் சுற்றி வந்தது. "தமிழில் சொல்லுங்கள், பிரெஞ்சில் கேளுங்கள்! கம்ப்யூட்டர் அதிசயம்!" என்று கத்திக்கொண்டே போகும். பின்னால் ரோஸ் நிற நோட்டீஸ்கள் பறக்கும். நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் யாரும் அதுவரை கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் ஆளாளுக்கு அளந்தார்கள். அதற்குப் பெண் குரலாம். அரியாங்குப்பத்துக்காரர் ஒருவர் ஏற்கெனவே பேசிப் பார்த்துவிட்டாராம், துரை மாதிரி பதில் வந்ததாம். எல்லாம் வடிகட்டின புளுகு. இருந்தாலும் அந்த நாட்களில் கடற்காற்றோடு அதுவும் சேர்ந்து வீசியது, எங்களுக்கு இனித்தது.

என் அம்மாவுக்குத்தான் பித்தே பிடித்துவிட்டது. காரணம் இருந்தது.

அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தான். அங்கேயே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, அப்போதுதான் முதல் தடவையாக லீவில் அழைத்து வந்திருந்தான். அவர்கள் வந்திறங்கியபோது அம்மா அடுப்படியை விட்டு நகரவில்லை. "வா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு தேடி வந்தவன் எதிரியாக இருந்தாலும் "வா" என்பார்கள். சொல்லாவிட்டால் அப்படியே திரும்பிப் போ என்று அர்த்தம். தமிழே தெரியாத அண்ணி பாவம், சிரித்த முகமாக உள்ளே வந்தாள்.

பிறகு அம்மா காய்ச்சலில் விழுந்தாள். நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே கிடந்தது அந்த அண்ணிதான். தேறி உட்கார்ந்ததும் அம்மாவுக்கு அந்தச் சொல்லாத "வா" தொண்டையில் முள்ளாய்க் குத்தியது. லீவு வேறு முடியப் போகிறது. ஊருக்குப் போவதற்குள் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

"அண்ணன்கிட்ட சொல்லி கேக்கச் சொல்லேன்" என்றேன்.

"பெத்த புள்ளகிட்ட போயி இத சொல்லச் சொல்றியாடி? வெக்கக்கேடு!"

"அப்ப எதிர்வீட்டு சொல்தா?" பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனில் இருக்கிறவர்களை நாங்கள் சொல்தா என்போம்.

"அந்தாளு வாயில விழுந்தா ஊரே நாறிடும். மிஷினுக்கு ஏதுடி வாயி? அது எங்கயும் போயி சொல்லாது."

அதற்கப்புறம் அவள் நடமாடியதே கனவில் நடப்பவள் போலத்தான். குழம்பைக் கிளறிக்கொண்டே சொல்லப்போகும் வாக்கியத்தை முணுமுணுப்பாள். மறந்துபோய் உப்பை அள்ளிப் போடுவாள்.

அன்று அண்ணன் வீராம்பட்டினத்துக் கூட்டாளியைப் பார்க்கப் போயிருந்தான். அம்மா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். கம்ப்யூட்டரை வைத்திருந்த கல்யாண மண்டபத்து வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். உள்ளே ஏசி, சாம்பிராணி மணம், அரை இருட்டு. பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். கண்ணாடியில் பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைத்தன. கூட்டம் மூச்சு விடவில்லை. எனக்குக் கோயில் கருவறை முன்னால் நிற்பது போலவே இருந்தது.

டை கட்டிய பையன் எங்களைக் கூப்பிட்டான். அம்மா குனிந்து அவன் காதில் சொன்னாள். எனக்கு மட்டும் கேட்டது: "அன்னிக்கி ஒன்ன வான்னு கூப்புடாம இருந்துட்டேன். மனசுல வெச்சுக்காதம்மா." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். அவன் என்னத்தைத் தட்டினானோ, கண்ணாடியில் ஒரு வரி வந்தது. அண்ணி படித்தாள். அம்மாவின் ஈர முகத்தைப் பார்த்தாள். பதறிப்போய் அவளைத் தோளோடு அணைத்து, வேகவேகமாக வெளியே கூட்டிப் போனாள்.

கூட்டத்தில் எங்கள் எதிர்வீட்டு சொல்தாவும் நின்றிருந்தார், வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு. "அதுக்கு ஓட்டல்ல பேசுற பேச்சு நாலுதான் தெரியும்போல. எத அடிச்சாலும் அதையேதான் துப்புது. ஒங்கம்மாவுக்கு என்ன வந்துச்சு தெரியுமா? 'தயவுசெய்து ரெண்டு காபி.'"

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெட்டியை மல்லிகைச் சரத்தோடு தூக்கிக் கடலில் வீசியிருப்பேன். "எங்கம்மாகிட்ட மட்டும் இத சொன்னீங்க, அப்புறம் இருக்கு ஒங்களுக்கு" என்று அவரை மிரட்டிவிட்டு ஓடினேன்.

எதிர்ச்சாரி ஓட்டலில் இரண்டு காபி ஆறிக்கொண்டிருந்தது. அண்ணி அம்மாவின் கையைத் தடவியபடி இருந்தாள். அம்மா என்னைப் பார்த்து, "சொல்லிடுச்சுடி, புரிஞ்சுக்கிட்டா" என்றாள். அந்த முகத்திடம் போய் யார் உண்மையைச் சொல்வது?

அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் அண்ணி மறக்காமல் ஒரு டின் காபித்தூள் கொண்டுவந்தாள். ஒவ்வொரு தடவையும் அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அம்மா போன பிறகு வந்தபோது அண்ணி நன்றாகவே தமிழ் பேசினாள். ஒருநாள் மாலை கடற்கரையில் உட்கார்ந்திருக்கையில் கேட்டாள்: "அன்னிக்கு அத்தை ஒரு காபிக்கு ஏன் அப்படி அழுதாங்க? அவ்ளோ ஆசையா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வான்னு சொல்லணுமா?" என்றாள். "எனக்கு அது தெரியவே தெரியாதே. அடுப்புல வேலையா இருக்காங்கன்னுதான நெனச்சேன்."